நாற்பது வயது ஆபீஸ் பையன்

வேலையை விட்ட அன்று மாலை இலக்கிய நண்பர் ஒருவர் தோளில் தட்டிச் சொன்னார்: "அசோகமித்திரன் ஜெமினிய தூக்கிப் போட்டுட்டு வந்தாரு. நீங்க கம்பெனிய தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கீங்க. இனிமே எழுத்துதான்." எனக்கு அப்போது 35 வயது. சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் 12 வருடம் மென்பொருள் எழுதியிருந்தேன். ஒரு வருடம் சம்பளமில்லாமல் உட்கார்ந்து நாவல் எழுதுவது திட்டம். நண்பர் சொன்னது கேட்க நன்றாக இருந்தது. நம்பவும் செய்தேன்.

அந்த ஒரு வருடம் முடிந்துவிட்டது. வேறொரு நிறுவனத்தில் மறுபடி சேர்ந்திருக்கிறேன். நாவல் மூன்றாவது அத்தியாயத்தில் நிற்கிறது. ஆனால் அந்த வருடத்தில் உருப்படியாக ஒன்று செய்தேன்: அசோகமித்திரனை மறுபடி படித்தேன். நண்பர் சொன்ன ஆள் அந்தப் பக்கங்களில் இல்லை. அங்கே இருந்தவர் வேறொருவர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

நமக்கெல்லாம் தெரிந்த தகவல்தான். 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். 1952இல் சென்னைக்கு வந்து எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் சேர்கிறார். 14 வருடம் கழித்து, 1966இல் விலகி, முழுநேர எழுத்தாளராகிறார். நம் இலக்கியக் கூட்டங்களில் இந்த நாலு வரி ஒரு சின்ன புராணமாகவே ஆகிவிட்டது. வேலை சிறை, ராஜினாமா விடுதலை, நாவல்கள் அந்த விடுதலையின் பலன். ஐடியில் இருந்துகொண்டு எழுத ஆசைப்படுகிற என்னைப் போன்றவர்களுக்கு இது ரொம்பவே பிடித்த புராணம். நம்மால் எழுத முடியாததற்கு ஒரு காரணத்தை அது கையில் கொடுத்துவிடுகிறது.

அவர் ஜெமினி நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 'மை இயர்ஸ் வித் பாஸ்'. அதன் ஒரு பகுதி 'போயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' என்ற தலைப்பில் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலான 'ஃப்ளமிங்கோ'வில் இருக்கிறது. நான் முதலில் அதைப் படித்தது ஐந்து மார்க் கேள்விக்காக. 'பேன்கேக் என்பது ஒரு மேக்கப் பொருள்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். 17 வருடம் கழித்து, வேலையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அதைத் திரும்ப எடுத்தபோது ஒரு பாத்திரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

மேக்கப் பிரிவின் ஆபீஸ் பையன். பையன் என்பது பதவிப் பெயர் மட்டும்தான், ஆளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. நடிகராகவோ இயக்குநராகவோ பாடலாசிரியராகவோ ஆகலாம் என்று பல வருடம் முன்னால் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தவர். கொஞ்சம் கவிஞரும்கூட. இப்போது கூட்டக் காட்சி இருக்கும் நாட்களில் துணை நடிகர்களின் முகத்தில் வாளி வாளியாகச் சாயம் பூசுகிறார். மற்ற நாட்களில் அசோகமித்திரனின் சிறிய அறைக்கு வந்து, தன் மேதைமை எப்படி வீணடிக்கப்படுகிறது என்று விளக்குகிறார். அசோகமித்திரனோ தினமும் கூட்டக் காட்சி இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொள்கிறார்.

அந்த மனிதருக்கு ஒரு எதிரி வேண்டும். கொத்தமங்கலம் சுப்பு கிடைக்கிறார். வாசனுக்கு நெருக்கமானவர், ஸ்டுடியோவில் செல்வாக்கு உள்ளவர், அதனால் எல்லாப் பழியும் அவர் மேல். ஆனால் அசோகமித்திரன் காட்டும் சுப்பு வேறு மாதிரி. கொடுத்த வேலையைச் சந்தோஷமாகச் செய்கிறவர். வீடு நிறைய உறவினர்களை வைத்துச் சோறு போட்டவர். அதே ஆள்தான் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியவர். ஸ்டுடியோ வேலை அவரை எழுதவிடாமல் தடுக்கவில்லை.

ஆக ஒரே கூரையின் கீழ் மூன்று பேர். வேலையையும் எழுத்தையும் ஒன்றாகவே ஓட்டிய சுப்பு. வேலையைத் திட்டிக்கொண்டே வயதாகிப்போன ஆபீஸ் பையன். மூன்றாவது, கதை சொல்லும் இளைஞர். அவருக்கு என்ன வேலை? செய்தித்தாள்களிலிருந்து பல விஷயங்களைக் கத்தரித்துக் கோப்பில் வைப்பது. நாள் முழுக்கப் பேப்பர் கிழிக்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் வேலை செய்வதாகத் தோன்றாது. அதனால் ஆளாளுக்கு உள்ளே வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இந்த மூவரில் நான் யார்? புராணத்தை நம்பியவரை நான் மூன்றாவது ஆள். உண்மையில், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு "இந்த ஸ்பிரிண்ட் மட்டும் இல்லன்னா நான் எப்பவோ நாவல முடிச்சிருப்பேன்" என்று 12 வருடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். எதிரில் உட்கார்ந்து கேட்டவர்களும் ஏதாவது ப்ரொடக்‌ஷன் பிரச்சினை வந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போகாதா என்று வேண்டியிருப்பார்கள். வேலையை விட்ட பிறகு தெரிந்த முதல் விஷயம், என் எதிரி காணாமல்போய்விட்டான். திட்ட ஆள் இல்லை, எழுதவும் வரவில்லை.

சரி, அசோகமித்திரன் தான் வேலையை விட்டதை இந்தப் பகுதியில் எப்படிச் சொல்கிறார்? இதைத் தேடித்தான் இரண்டாம் முறை படித்தேன். ராஜினாமாக் காட்சி, கதவைச் சாத்திவிட்டு வெளியேறும் காட்சி, எதுவும் இல்லை. வேறு எதையோ சொல்லப்போகும்போது போகிறபோக்கில் வந்து போகிறது. ஜெமினியை விட்ட பின் கையில் நேரம் தாராளம், காசுதான் தட்டுப்பாடு, அதனால் மலிவு விலையில் எது கிடைத்தாலும் கண் போகும். அவ்வளவுதான். நாம் புராணமாக்கிய சம்பவம் அவருக்கு ஒரு வாக்கியத்தின் பாதி.

மீதிப் பாதியில் மவுண்ட் ரோடு தபால் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் 50 பைசாவுக்குப் புத்தகங்கள் விற்கிறார்கள். அவர் வாங்குவது 'தி காட் தட் ஃபெயில்டு', கம்யூனிசத்தை நம்பிப் பின் விலகிய ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைத் தொகுப்பு. ஆறு பேரில் ஒருவர் ஸ்டீஃபன் ஸ்பெண்டர். பல வருடம் முன்னால் ஜெமினிக்கு வந்து, யாருக்கும் புரியாத உச்சரிப்பில் பேசிவிட்டுப் போன ஆங்கிலக் கவிஞர். சினிமா ஸ்டுடியோவுக்கு இந்த மனிதர் எதற்கு வந்தார் என்று அன்று எல்லோரும் குழம்பினார்கள். நடைபாதையில்தான் அந்த முடிச்சு அவிழ்கிறது.

வேலையில் இருந்தபோது கவனித்து வைத்த ஒரு புதிருக்கு, வேலையில்லாத நேரத்தில் விடை வருகிறது. புதிர் முதலிலேயே கைவசம் இல்லாதவனுக்கு 50 பைசாப் புத்தகம் வெறும் மலிவுப் புத்தகம்தான். என் வருடத்தில் நானும் நடைபாதைப் புத்தகங்கள் நிறைய வாங்கினேன்.

இன்னொரு பக்கத்தைக் காட்டுவது 'புலிக்கலைஞன்' சிறுகதை. ஒரு சினிமா ஸ்டுடியோவில் வேலையில்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் சிலர். டிபன் இடைவேளை நேரம்கூடத் துல்லியமாக நிர்ணயிக்கப்பட்ட இடம், ஆனால் இடைவேளைக்கு முன்னும் பின்னும் செய்ய ஒன்றுமில்லை. அங்கே பசியோடு ஒருவர் வருகிறார், டகர் பாயிட் காதர். புலிவேஷம் கட்டுபவர். வாய்ப்பு கேட்கிறார். இவர்கள் சலிப்போடு மறுக்கும் நேரத்தில் அந்த அறையிலேயே புலியாகிவிடுகிறார். கொஞ்ச நேரத்துக்கு அங்கே மனிதர் யாருமில்லை, புலி மட்டும்தான். பிறகு அவருக்கு நிஜமாகவே ஒரு வாய்ப்பு அமைகிறது, கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வருகிறது.

மேஜைக்கு அந்தப் பக்கம் கலை, இந்தப் பக்கம் சம்பளம். வேலையை விட்டு எழுத வந்த எந்த எழுத்தாளனுக்கும் தன்னைக் காதராகக் கற்பனை செய்துகொள்ளும் ஆசை வரும். அசோகமித்திரன் அதைச் செய்யவில்லை. கதைசொல்லி கடைசிவரை சம்பளப் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். காதரின் பசியை அவர் தன் பசி என்று சொந்தம் கொண்டாடுவதில்லை. கொஞ்சம் குற்றவுணர்வோடு பார்க்கிறார், அவ்வளவுதான். அந்த நேர்மையால்தான் கடிதம் திரும்பி வரும்போது நமக்கு வலிக்கிறது. காதர் அந்த நாற்காலியிலிருந்து எழுதப்பட்டிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தே இராத ஒருவரால் அந்தக் கதையை எழுதியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

அசோகமித்திரனுக்கு நிஜமாகவே ஒரு படைப்புக்கால விடுப்பு கிடைத்தது. 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் நடத்தும் சர்வதேச எழுத்தாளர் பட்டறைக்குப் போகிறார். இருக்க இடம், செலவுக்குப் பணம், சுற்றிலும் பல நாட்டு எழுத்தாளர்கள். நாமெல்லாம் கனவு காண்கிற ஏற்பாடு. அந்த அனுபவத்திலிருந்து வந்த நாவல் 'ஒற்றன்!', 1985இல் வெளியானது. அதில் எழுத்தின் பரவசத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். குளிர் வருகிறது, சாப்பாட்டுப் பிரச்சினை வருகிறது, எத்தியோப்பிய எழுத்தாளரின் கோபமும் தனிமையும் வருகின்றன. பெரு நாட்டு எழுத்தாளர் ஒருவர் தன் நாவலுக்குப் பெரிய வரைபடமே போட்டு வைத்திருக்கிறார். அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். என் நாவலுக்கு நான் எக்செல்லில் ஒன்பது ஷீட் போட்டிருந்தேன், பாத்திரங்களுக்கு ஒன்று, காலவரிசைக்கு ஒன்று. மேலாளருக்குக் காட்டத் தயாராக இருந்தது, படிக்கத்தான் ஒன்றுமில்லை.

தலைப்பே எல்லாவற்றையும் சொல்கிறது. ஒற்றன் வந்த இடத்தில் வேறு வேலை செய்வதாகக் காட்டிக்கொண்டு கவனிக்கிறவன். ஜெமினியில் பேப்பர் கிழித்தபோது செய்ததைத்தான் அசோகமித்திரன் அயோவாவிலும் செய்தார். இடம் மாறியது, சம்பளம் உதவித்தொகையானது, பழக்கம் மாறவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "அப்படின்னா வேலையிலேயே இருந்திருக்கலாமே? 'கரைந்த நிழல்கள்', 'தண்ணீர்', '18வது அட்சக்கோடு' எல்லாமே 1966க்கு அப்புறம்தானே?" உண்மை. அதை மழுப்ப மாட்டேன். நாவலுக்குத் தொடர்ந்த நேரம் வேண்டும், விலகல் அதைக் கொடுத்தது. ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு வரி விடுபடுகிறது. ஜெமினியில் இருந்தபோதே அவர் சிறுகதைகள் எழுதிப் பிரசுரித்துவந்தார். அவர் எழுத ஆரம்பிப்பதற்காக விலகவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் விலகினார். விலகிய பிறகு எழுதிய 'கரைந்த நிழல்கள்' எதைப் பற்றி? சினிமா என்ற வேலையைப் பற்றி. தயாரிப்பு நிர்வாகி, உதவி இயக்குநர், கார், சாப்பாடு, கடன். கலைஞனின் மேன்மை பற்றி அதில் ஒரு பிரசங்கமும் கிடையாது. தப்பித்து வந்த சிறையைப் பற்றி ஒருவர் இவ்வளவு வன்மமில்லாமல் எழுத முடியுமா? அவர் அதைச் சிறையாகப் பார்த்திருக்கவே மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

என் வருடத்துக்கு விலை இருந்தது. வீட்டுக் கடன் தவணையை மனைவி ஒருத்தியின் சம்பளம் தாங்கியது. அப்பாவுக்கு இருந்த கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் போனது. உறவினர்களிடம் அம்மா "அவனுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது மாதம் மனைவி ஒரு ராத்திரி கேட்டாள்: "நீ எழுதலன்னா பரவால்ல. ஆனா எழுதாததுக்கு இப்ப யாரத் திட்டுவ?" கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் ரெஸ்யூமே அனுப்பத் தொடங்கினேன்.

வேலையை விடாதே என்று யாருக்கும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இப்போது ஒருவர் கேட்டால் ஒன்றை மட்டும் கேட்பேன்: ஆபீஸில் இருக்கும்போது என்ன எழுதியிருக்கிறீர்கள், யாரைக் கவனித்து வைத்திருக்கிறீர்கள்? இரண்டுக்கும் பதில் இருந்தால் தாராளமாக விடுங்கள். இல்லாவிட்டால் அந்த வருடம் முழுக்க நீங்களும் அந்த ஆபீஸ் பையனும் தனியாக ஒரே அறையில் இருக்க வேண்டிவரும்.

புது அலுவலகத்தில் என் டீமில் ஒருவர் இருக்கிறார், 44 வயது, டெஸ்டிங். ஒரு காலத்தில் கூத்துப்பட்டறை மாதிரி ஏதோ குழுவில் நடித்தவராம். மதியம் சாப்பிட்டுவிட்டு என் இடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்த மேனேஜர் மட்டும் இல்லையென்றால் தான் எங்கேயோ இருந்திருப்பேன் என்று ஆரம்பிப்பார். முன்பென்றால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். இப்போது லேப்டாப்பை மூடிவிட்டு, "எந்த நாடகம் சார்? என்ன வேஷம்?" என்று கேட்கிறேன்.