மளிகை அலமாரியை மாதக் கடைசியில் பாருங்கள்

வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் புது சோபாவைக் காட்டுகிறோம், பூஜை அறையைக் காட்டுகிறோம், மாடித் தோட்டத்துக்கு மூச்சு வாங்க ஏற்றிக்கொண்டு போகிறோம். மளிகைச் சாமான் இருக்கிற அலமாரியின் கதவை மட்டும் யாரும் திறந்து காட்டுவதில்லை. வந்தவர்களும் கேட்பதில்லை. "பருப்பு டப்பாவில் பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறார்கள். எனக்கு இது பெரிய எரிச்சல். ராகம் பிடிபடாதவர்கூட மார்கழியில் சபாவுக்குப் போய் உட்காரத் தயங்குவதில்லை. மூன்று வேளையும் தன் கை போய்வருகிற அலமாரியை ரசிக்கச் சொன்னால், "அதெல்லாம் பெரிய வீட்டுக்காரர்களுக்கு" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒற்றை அறைக் குடித்தனத்தில், சுவரில் மூன்று பலகை அடித்து வைத்திருந்த அலமாரிகளில் நான் கண்ட அழகு பல பங்களாக்களில் இல்லை. தயவுசெய்து உள்ளே வாருங்கள்.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேறொன்றுக்கு எனக்கு நிறைய இடம் வேண்டும். மளிகையைக் கெடுப்பவை சூடு, ஈரம், வெளிச்சம், பூச்சி. ஆகவே அடுப்புக்கு நேர் மேலே மசாலா வைக்காதீர்கள். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும். உப்பையும் புளியையும் பீங்கான் ஜாடிக்குக் கொடுத்துவிடுங்கள். உப்பு எவர்சில்வரில்கூடப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். கனமானவை கீழே. தினம் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இறங்குபவை பரணில். ஒரு பலகைக்கு ஒரே வரிசை. மாடுலர் கிச்சனில் மேடைக்குக் கீழே வரும் அறைகள் அறுபது சென்டிமீட்டர் ஆழம் இருக்கும். அவற்றின் பின்வரிசைக்குப் போன வெந்தயம் திரும்பி வராது. அவ்வளவுதான் அடிப்படை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எந்த வீட்டு அலமாரியிலும் இரண்டு வகை டப்பாக்கள் உண்டு: புழங்குகிற டப்பா, இருப்பு டப்பா. இந்த வேறுபாடு கண்ணுக்குப் பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

புழங்குகிற டப்பா தினம் திறக்கப்படுவது. சில நாள் பத்து முறை திறக்கப்படும். ஒவ்வொரு முறையும் சோற்றுப்பானையின் ஆவியும் மழைக்கால ஈரக்காற்றும் உள்ளே போகும். அவசரத்தில் ஈரக் கரண்டியும் போகும். அதனால் அது சிறியதாக, ஒரு வாரம் பத்து நாளுக்குள் காலியாகிற அளவில் இருக்க வேண்டும். வாய் அகலமாக இருக்க வேண்டும். எண்ணெய் காய்ந்து புகைகிறபோது ஒரு கையால் திறக்க வருகிற மூடி வேண்டும். திருகு மூடி இங்கே ஆகாது. கடுகு வெடித்து முடிந்து கருகும்போதும் நீங்கள் உளுத்தம்பருப்பு டப்பாவைத் திருகிக்கொண்டே நிற்பீர்கள்.

இருப்பு டப்பாவின் குணமே வேறு. பத்து நாளைக்கு ஒரு முறை, சமையல் முடிந்த மத்தியானத்தில், காய்ந்த கையோடு திறக்கப்படுவது. பெரியதாக இருக்கலாம். மூடி இறுக்கமாக, இரண்டு கையும் முழங்காலும் வைத்துத் திறக்கும்படி இருந்தாலும் நல்லதுதான். வெளிச்சம் புகாதது நல்லது. பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே அதற்குக் கிடையாது. பழைய எண்ணெய் டின் போதும், பிஸ்கட் டின் போதும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரிசி வண்டு நம் வீட்டில் பிறப்பதில்லை. தாய் வண்டு அரிசி மணியில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே முட்டையிட்டு, துளையைப் பூசி அடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் உள்ளிருந்து வண்டு வெளியே வரும். ஆக அது பெரும்பாலும் கடையிலிருந்தே மூட்டையோடு வருகிறது. எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் காற்றுப் புகாத ஜாடி வாங்கினாலும் அதையும் சேர்த்துத்தான் உள்ளே வைத்து மூடுகிறோம். பச்சைப்பயறு போன்ற முழுப் பயறுகளில் விழும் வண்டின் முட்டை மட்டும் வெளியே தெரியும்: தோலின் மேல் ஒட்டிய வெள்ளைப் புள்ளி. வாங்கும்போதே கையில் அள்ளிப் பாருங்கள். நம்மால் முடிந்தது, ஒரு மாதச் சரக்கை அடுத்த மாதச் சரக்கோடு கலக்காமல் இருப்பதுதான். பழையது அடியில் கிடக்க, அதன் மேலேயே புதியதைக் கொட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். டப்பாவைக் கவிழ்த்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு நிரப்புங்கள். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு பொறி உண்டு. துளை போட்ட குழாய் ஒன்றை அரிசிக்குள் செருகிவைப்பார்கள். காற்றைத் தேடி நடக்கிற வண்டு துளைக்குள் நுழைந்து அடியில் விழும். இருப்பு டப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான நகை கிடையாது.

இந்த வேறுபாடு டப்பாவோடு நிற்கவில்லை, பொருளுக்குள்ளேயும் போகிறது. முழுத் தனியா இருப்பு, தனியாத்தூள் புழக்கம். முழு மிளகில் வாசனை எண்ணெய் உள்ளே பத்திரமாக இருக்கிறது; பொடித்த நாளிலிருந்து அது பறக்கத் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் புளி வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தார்களே, அது இருப்பு. அதிலிருந்து பத்து நாளைக்கு எடுத்துச் சின்ன ஜாடியில் வைத்தது புழக்கம். பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது இருப்புக் கலை. ரவையை வறுத்து வைப்பதும் அதுதான். அரிசி மூட்டையைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைகளுக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்ததும், ஆலைக்காரர்கள் 26 கிலோப் பை போட ஆரம்பித்தார்கள். வீடுகளில் இருப்பு டின்னின் அளவுக்கு ஒரு கிலோ கூடுதலாக வந்து, பையின் அடியில் மிச்சம் நிற்கத் தொடங்கியது. வரிச் சட்டம் சமையலறை வரை வந்து உட்கார்ந்த இடம் அது. அந்த மிச்சத்தை ஒரு வீடு எங்கே வைக்கிறது என்று பாருங்கள், அந்த வீட்டைப் பற்றி நிறையத் தெரியும்.

அஞ்சறைப் பெட்டி புழக்கத்தின் உச்சம். யாரும் அதில் இருப்பு வைப்பதில்லை. வட்ட எவர்சில்வர் பெட்டியாக இருந்தால் நடுக்கிண்ணத்தில் கடுகா, சீரகமா, மிளகாயா என்று கவனியுங்கள். அந்தக் கையில் முதலில் எண்ணெயில் விழுவது எது என்பது பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.

இப்போது வீடியோக்களில் வரும் அலமாரிகளுக்கு வருகிறேன். ஒரே அளவு, ஒரே நிறம், கண்ணாடி மாதிரி அக்ரிலிக் டப்பாக்கள் கூரை வரை. மேலே வளைந்த எழுத்தில் ‘டூர் தால்’ என்று ஒட்டியிருக்கும். இதை அழகு என்று சொல்கிறவர்கள் அலமாரியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கிறார்கள். ஒரு கிலோ தனியா ஒரு கிலோ பருப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே டப்பா கொடுத்தால் எப்படி? பருப்பு பாதியில் நிற்கும், தனியா வெளியே வழியும். வழிந்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு, படத்தில் விழாத ஏதோ ஒரு டிராயரில் திணித்திருப்பார்கள். இருப்பையும் புழக்கத்தையும் ஒன்றாக்கினால் வருகிற அநாதைப் பாக்கெட் அது. மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் குழல்விளக்கு வெளிச்சத்தில் நாள்பூரா நின்று வெளுக்கும்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று இருக்கிறது: பழமைப் பிரியர்கள். ஈயம் பூசாத பித்தளைத் தூக்குகளை வரிசையாக அடுக்கி, உள்ளே ஒன்றும் போடாமல் பளபளப்பாக்கி வைக்கிறார்கள். வெறும் பாத்திரத்துக்குப் பக்தி எதற்கு?

வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. செட்டிநாட்டு வீட்டுக்குப் போனால் பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வருஷத்துச் சரக்கைத் தாங்கிய சாமான் அறைகளுக்கு ஒரு வரி கிடையாது. அடுப்பிலிருந்து தள்ளி, தனிப் பூட்டோடு இருப்புக்கென்றே அறை ஒதுக்கிய வீடு அது! ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் சமையலறையைப் பற்றியும் இதே கதைதான். கட்டடக்கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்தது. சுமார் பத்தாயிரம் குடியிருப்புகளில் பொருத்தினார்கள். சமைப்பவரின் நடையை எப்படிக் குறைத்தார் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அதில் அரிசி, சர்க்கரை போன்றவற்றை உருவி அப்படியே சாய்த்துக் கொட்ட அலுமினியப் பெட்டிகள் செய்தவர், மாவுக்கு மட்டும் ஓக் மரத்தில் இழுப்பறை செய்தார். ஓக்கின் துவர்ப்புச் சத்து மாவுப் புழுவை அண்டவிடாது என்பதற்காக. ஒவ்வொரு பொருளிடமும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் பாசம் பொங்கும்.

ஸ்டைல் என்பது இந்தக் கேள்வியிலிருந்து வர வேண்டும். அடுக்குச் சம்படங்கள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கி நிற்பது ஏன் கண்ணுக்கு இதமாக இருக்கிறது? அரிசி மாவுக்கு அவ்வளவு பெரிது வேண்டும், ஏலக்காய்க்கு இவ்வளவு சிறிது போதும். அளவு ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. லேபிள் ஒட்டுவதானால் பெயரோடு நிறுத்தாதீர்கள், நிரப்பிய தேதியையும் எழுதுங்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு மிகவும் பிடித்தது சீர்ப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் எழுத்து. சம்படத்தை மெல்லத் திருப்பிப் பார்ப்பேன். கொடுத்தவர் பெயர், கல்யாணத் தேதி, சில சமயம் ஊர். யாரோ ஒரு சித்தப்பா கொடுத்தது இன்றைக்கும் கடலைப்பருப்பைக் காக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் மூடியை அழுத்திப் பாருங்கள். நல்ல சம்படத்தின் மூடி உள்ளிருக்கும் காற்றை மெதுவாக வெளியே தள்ளியபடி இறங்கும்.

அப்புறம் ஒரு ரகசியம். மாதம் பிறந்து சாமான் வாங்கிய மறுநாள் எந்த அலமாரியையும் பார்க்கப் போகாதீர்கள். அன்றைக்கு எல்லா அலமாரியும் அழகுதான். இருபத்தெட்டு, இருபத்தொன்பதாம் தேதி போங்கள். உங்கள் அத்தை வீட்டுக்கோ பெரியம்மா வீட்டுக்கோ போய், "கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு விடமாட்டார்கள். இருப்பு டப்பாக்கள் அநேகமாகக் காலியாகி, சிலது கவிழ்ந்து காய்ந்துகொண்டிருக்க வேண்டும். புழங்குகிற டப்பாக்களில் நாலைந்து நாளைக்கு இருக்க வேண்டும். ரப்பர் பேண்ட் பாக்கெட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எது தீர்ந்தது, எது மிஞ்சியது என்று அவர்கள் டப்பாவைத் திறக்காமல், தூக்கிப் பார்த்தே சொல்வார்கள். அந்தக் கையைக் கவனியுங்கள். மிஞ்சியதை அடுத்த மாத லிஸ்டில் எப்படிக் குறைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் வீட்டு ரவை டப்பாவிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலும் அதன் அடியில்தான் பழைய சரக்கு கிடக்கும்.