கொடைக்கானல் பாதரச உடன்பாடு: ஒரு மதிப்பீடு

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் 2016 மார்ச்சில் செய்துகொண்ட உடன்பாட்டை இரு தரப்பும் வரவேற்றன. ஆனாலும் அதன் தரத்தை அளந்தே அறிய வேண்டும். வணிகமும் மனித உரிமையும் குறித்து ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளே அதற்கு ஏற்ற அளவுகோல். முறையீட்டு வழி எளிதில் அணுகத்தக்கதாகவும், வெளிப்படையாகவும், வலியோன் எளியோன் இடைவெளியைக் குறைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன அவை. இந்துஸ்தான் யூனிலீவரின் தாய் நிறுவனமான யூனிலீவர் 2015-இல் வெளியிட்ட மனித உரிமை அறிக்கை இந்நெறிகளைத் தழுவியது. எனவே நிறுவனம் தானே ஏற்ற அளவுகோலால்தான் அதை அளக்கிறோம்.

நிறுவனத்தின் பக்கமுள்ள நிறைகள் சிறியவை அல்ல. பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் முஞ்சிக்கல் காயலான் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் அம்பலமானதும் ஆலை மூடப்பட்டது. பின்னர் திறக்கப்படவே இல்லை. சுமார் 290 டன் பாதரசக் கழிவு 2003-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பணக்கார நாடுகளின் கழிவு நம் கரைக்கு வருவதே வழக்கமாக இருந்த காலத்தில் இது அரிய நிகழ்வு. ஊர் மக்களும் சூழலியலாளரும் விடாமல் நெருக்கியதால் நடந்தது என்றாலும், செய்த செயலுக்குரிய மதிப்பை மறுப்பது நியாயமாகாது.

உடன்பாட்டின் அடிப்படைக் குறை அதன் மௌனத்தில் இருக்கிறது. பணம் மனிதாபிமான அடிப்படையில் தரப்பட்டது, தொகை வெளியிடப்படவில்லை. பாதரசத்தால் தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்ற நிலையிலிருந்து நிறுவனம் இறங்கி வரவில்லை. தனக்குச் சாதகமான ஆய்வுகள் இருப்பதாக அது சொன்னது. தொழிலாளரோ சிறுநீரகக் கோளாறையும் நரம்புத் தளர்ச்சியையும் அகால மரணங்களையும் அடுக்கினர். முரண்பட்ட இந்த இரு கூற்றுகளில் எது உண்மை என்ற கேள்வியைத் தொடாமலே தொழிலாளர் தொடுத்த வழக்கு முடிந்தது. சமரசத்தில் இது இயல்பு என்பர் சட்டம் அறிந்தோர். இயல்புதான். ஆனால் பொறுப்பை ஏற்காத இழப்பீடு கருணைத் தொகையாகிவிடுகிறது. அடுத்த ஆலையின் தொழிலாளி எடுத்துக்காட்ட அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. காலத்தாழ்வையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உடன்பாடு வந்தபோது ஆலை மூடி 15 ஆண்டுகள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்று 10 ஆண்டுகள். அணுகத்தக்க வழி என்று இதை எந்த நெறியும் ஒப்பாது.

ஆலை வளாகத்தில் பாதரசம் கலந்த மண்ணின் கதை இன்னும் பலவீனமானது. தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது, வழக்கு இருந்தது, எதிரே அமர்ந்து பேச ஒரு மேசை இருந்தது. ஆலையை ஒட்டிய பாம்பார் சோலைக்காகப் பேசியோருக்கு அம்மேசையில் இடமில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை மண்ணில் எஞ்சலாம் என்ற வரம்பை நிறுவனமும் வல்லுநர் அமைப்புகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தமக்குள் வகுத்தன. குடியிருப்பு நிலத்துக்கு அது போதும் என்பது அவர்கள் வாதம். சரிவில் இறங்கும் நீர் காட்டுக்குள் போகிறதே என்பது எதிர்வாதம். எதிர்வாதமே எனக்கு வலுவானதாகப் படுகிறது: வரம்பு நிலத்தின் இயல்பைப் பொறுத்தது, இது மலைச்சோலையின் விளிம்பு.

இழப்பீடு என்ற அளவில் இவ்வுடன்பாட்டை ஏற்கலாம். குறைதீர்ப்பு என்று இதை ஏற்க முடியவில்லை. அப்பெயரைப் பெற, தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளை அவரவர் கையில் தருவதும், மண், நீர், மீன் ஆகியவற்றில் எஞ்சியுள்ள பாதரச அளவை ஊர் நம்பும் ஆய்வாளரைக் கொண்டு ஆண்டுதோறும் சோதித்து வெளியிடுவதும் குறைந்தபட்சத் தேவைகள்.