குளக்கட்டின் எழுதாத ஒழுங்கு

கிளிநொச்சியின் இரணைமடுக் குளமானாலும் முல்லைத்தீவின் முத்தையன்கட்டானாலும், மீன்பிடிப்பவர்களில் மூன்று விதமானவர்களைக் காணலாம். தூண்டில்காரருக்குப் பொறுமையே இன்பம். மண்புழுவைக் கோர்த்துப் போட்டால் மிதப்பை விட்டுக் கண் எடுக்கமாட்டார். வீச்சுவலைக்காரருக்கு வலை முழு வட்டமாக விரிந்து விழுவதே பெருமை. அந்தியில் வள்ளத்தில் போய் வலை விட்டு விடியலில் இழுப்பவருக்கு அதுதான் வீட்டுச் சோறு. 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாதான் இன்று அவருக்கு அதிகம் அகப்படுகிறது.

ஒரே குளம் மூவருக்கும் போதுமாவது ஒழுங்கால்தான். தூண்டில் கிடக்கும் இடத்தில் வலை வீசக்கூடாது. அடுத்தவர் விட்ட வலையைத் தொடக்கூடாது. சிறுகண் வலை கூடாது.

இவற்றில் நான் மிகவும் மதிப்பது விராலுக்குக் காட்டும் மரியாதையை. செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கும் விரால், கிட்ட வரும் எதையும் பாய்ந்து கவ்வும். அப்போது அதைப் பிடிப்பது மிகச் சுலபம். ஆனால் காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். விஷயம் தெரிந்தவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போவார்.

தூண்டில் எடுக்கும் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடப் பழக்கும்போதே இதையும் பழக்குங்கள்.