வேண்டாம் என்பதற்கு ஒரு மனோகர்

மூன்றாமாண்டு மாணவிகளுக்கு ‘மௌன ராகம்’ திரையிட்டேன். 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியான படம். அவர்களுடைய அம்மாக்களே அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். ஆனாலும் படம் அவர்களுக்குப் புதிதில்லை. கார்த்திக் ‘மிஸ்டர் சந்திரமௌலி’ என்று கூப்பிடும் இடம் வந்ததும் வகுப்பே சேர்ந்து கூப்பிட்டது. விளக்கைப் போட்ட பிறகு வழக்கம்போலக் கார்த்திக்கா மோகனா என்று ஒரு சண்டை. அது ஓய்ந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். “மேம், மனோகர்னு ஒருத்தன் இல்லாமலே இருந்திருந்தா, டைவர்ஸ் கேட்டதுக்கு திவ்யா என்ன காரணம் சொல்லியிருப்பா?”

நான் இருபது தடவையாவது பார்த்திருக்கும் படம். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று மழுப்பலாக ஏதோ சொல்லி வகுப்பை முடித்தேன். இந்தக் கட்டுரை அவளுக்குத் தரவேண்டியிருந்த பதில்.

படத்தின் முதல் அரைமணி நேரத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் திவ்யா வேண்டுமென்றே மழையில் ஆடிப் பாடி வீட்டுக்குத் தாமதமாக வருகிறாள். மாப்பிள்ளை போயிருப்பான் என்று நினைக்கிறாள். அவன் போகவில்லை. தனியாகப் பேச விட்டதும் தனக்கு இந்தக் கல்யாணம் சரிப்படாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். தன் குறைகளைத் தானே அடுக்குகிறாள். அவனுக்கோ அந்த வெளிப்படைத்தன்மையே பிடித்துப்போகிறது. மறுப்பே அவளுக்குத் தகுதிச் சான்றிதழாக ஆகிவிடுகிறது! வீட்டிலும் மறுக்கிறாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி வருகிறது. அம்மா கெஞ்சுகிறாள். திவ்யா தலையாட்டுகிறாள்.

தாலி ஏறிய பிறகும் அவள் அடங்கவில்லை. முதலிரவுக்கு அனுப்பும் அம்மாவிடம், இரண்டு நாளைக்கு முன்பு இதே ஆளுடன் என்னைத் தனியாக ஓர் அறைக்கு அனுப்பியிருப்பாயா என்று கேட்கிறாள். அதற்குமுன் எத்தனையோ தமிழ்ப் படங்களில் பாலும் பழமும் பார்த்திருக்கிறோம். அந்தத் தட்டை நீட்டும் அம்மாவிடம் ஒரு மகள் இப்படிக் கேட்டதை நான் பார்த்தது இதில்தான். ரேவதியின் முகத்தில் அப்போது அழுகையைவிடத் திகைப்புதான் அதிகம். தன்னைச் சுற்றியிருக்கும் எல்லாருக்கும் இயல்பாகத் தெரிகிற ஒன்று தனக்கு மட்டும் ஏன் விபரீதமாகத் தெரிகிறது என்ற திகைப்பு.

இதுவரை மனோகர் என்ற பெயர் படத்தில் வரவே இல்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. அவனை எனக்குத் தெரியாது, கல்யாணம் எனக்கு வேண்டாம், என்னிடம் யாரும் கேட்கவில்லை. திவ்யாவின் காரணங்கள் இவ்வளவுதான், இவையே போதும். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் போதுமாகத்தான் இருக்கிறது.

டில்லியில் சந்திரகுமார் அவளுக்கு ஏதாவது வாங்கித்தர ஆசைப்படுகிறான். என்ன வேண்டும் என்கிறான். விவாகரத்து வேண்டும் என்கிறாள். ஏன் என்று அவன் கேட்க, அவள் பழைய கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். மனோகரின் அடிதடி, குறும்பு, காதல், பதிவுத் திருமணத்துக்கு அவள் காத்திருக்கும் வேளையில் போலீஸ் துப்பாக்கியில் அவன் விழுவது எல்லாம் இந்த ஃப்ளாஷ்பேக்கில்தான். கார்த்திக் வரும் நேரம் குறைவு. ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது அந்த நேரத்தைத்தான்.

இந்தப் பகுதி முதலில் எழுதிய கதையில் இல்லை, பிறகு சேர்த்தது என்று மணிரத்னமே சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாதவனுடன் திருமண வாழ்வைத் தொடங்கவேண்டிய ஒரு பெண்ணைப் பற்றிய சிறுகதையாகத்தான் அது தொடங்கியிருக்கிறது. அவளால் ஏன் இந்தத் திருமணத்தை ஏற்க முடியவில்லை என்பதற்குப் பார்வையாளர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கும் என்று தோன்றியதால் மனோகர் வந்தான்.

திரைக்கதைக் கணக்கில் அது சரியான முடிவு. படம் ஓடியது, கார்த்திக் கொண்டாடப்பட்டார். ஆனால் கதை வைக்கும் வரிசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஃப்ளாஷ்பேக் நடந்ததைச் சொல்வதோடு நிற்பதில்லை. நாம் ஏற்கெனவே பார்த்துவிட்ட காட்சிகளுக்குப் புதிய பொருளும் கொடுக்கிறது. மழையில் ஆடியது, முகத்துக்கு நேராக மறுத்தது, அம்மாவிடம் கேட்ட கேள்வி எல்லாமே இப்போது செத்துப்போன காதலனுக்கான துக்கமாக மாறிவிடுகின்றன. கல்யாணம் என்ற ஏற்பாட்டின்மீது அவள் வைத்த கேள்வி, ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணுக்குப் போக மனம் வராத தவிப்பாகச் சுருங்குகிறது. அந்தத் தவிப்பு நமக்குப் பழக்கமானது. நாளானால் ஆறிவிடும் என்று நமக்குத் தெரியும். கேள்வி அப்படி ஆறாது.

மனோகர் செத்திருப்பதும் வசதிதான். ‘அந்த ஏழு நாட்கள்’ (1981) படத்தில் காதலன் உயிரோடு இருந்தான். முதலிரவில் சாகத் துணிந்த வசந்தியை அவனிடமே சேர்த்துவைப்பதாகக் கணவன் வாக்குக் கொடுக்கிறான், ஏழு நாள் கெடு. கடைசியில் மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்க, தாலியைப் பற்றி ஒரு நீண்ட வாதம் நடத்தி அவளைக் கணவனிடமே விட்டுப்போக வேண்டியிருந்தது. ‘மௌன ராக’த்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. போலீஸ் தோட்டா அதை முன்கூட்டியே முடித்துவிட்டது. பின்னால் வந்த ‘ராஜா ராணி’ (2013) இதே அச்சை எடுத்துக் கணவனுக்கும் ஒரு பழைய காதலைச் சேர்த்தது. சமத்துவம்!

திவ்யாவின் கெடு ஓர் ஆண்டு. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து கேட்க முடியாது என்று வழக்கறிஞர் சொல்கிறார். இது கற்பனை இல்லை; இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1976 திருத்தத்துக்கு முன் அது மூன்றாண்டாக இருந்தது. அதே பிரிவில், மனுதாரர் அசாதாரணமான துன்பத்துக்கு உள்ளானால் நீதிமன்ற அனுமதியோடு முன்னதாகவே மனுச் செய்யலாம் என்று ஒரு சிறிய வாசலும் இருக்கிறது. கணவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் இருக்கிறது என்று சொல்லும் பெண் அந்த வாசலைத் தட்டியிருக்கலாம். கதைக்கு அது தேவைப்படவில்லை. கதைக்குத் தேவை, இருவரும் ஒரே கூரையின்கீழ் அடைபட்டிருக்க ஒரு வருடம். சென்னையில் குடும்பம் செய்த வேலையை டில்லியில் சட்டம் செய்கிறது. அங்கே அவளுக்குத் தோழி இல்லை, வேலை இல்லை. தொடக்கத்தில் அவள் போய்வந்த கல்லூரி கதையிலிருந்து காணாமலே போய்விடுகிறது.

பிறகு வேலையிடத்துத் தகராறில் சந்திரகுமார் தாக்கப்படுகிறான். திவ்யா அவனை மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றுகிறாள், பணிவிடை செய்கிறாள், மனம் மாறுகிறாள். ஒருகாலத்தில் வேண்டாம் என்ற கொலுசை அணிகிறாள்.

இந்த இடத்தை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் மூன்று ஆண்கள் விழுகிறார்கள். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார், திவ்யா கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். மனோகர் குண்டடி பட்டு விழுகிறான், திவ்யாவின் மறுப்புக்குக் காரணம் கிடைக்கிறது. கணவன் அடிபட்டு விழுகிறான், திவ்யாவுக்குக் காதல் வருகிறது. கதையின் எல்லாத் திருப்பங்களும் ஓர் ஆணின் உடம்புக்கு ஏதாவது ஆவதில் இருக்கின்றன. அவள் என்ன நினைத்தாள், என்ன பேசினாள் என்பதால் கதை திரும்புவது ஒரே ஒரு தடவை: அந்த விவாகரத்தைக் கேட்டபோது. அதற்குத்தான் உடனே ஒரு காரணம் தேடவேண்டி வந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது இன்னொரு மாணவி விடவில்லை. “மனசு மாறினதும் அவதானே மேம்? வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்குன்னா வேணும்னு சொல்லவும் இருக்குல்ல?” இருக்கிறது. மனம் மாறுவதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. இந்தப் படத்தின் மரியாதையும் அங்கேதான் இருக்கிறது. சந்திரகுமார் அவளை வற்புறுத்துவதில்லை. அவள் கேட்டதைக் கடைசிவரை மறக்காமல், காகிதங்களையும் சென்னைக்கு ரயில் டிக்கெட்டையும் கையில் கொடுக்கிறான். பிற்பகுதியில் விலகி நிற்பவன் அவன்; நெருங்கி வந்து அவமானப்படுவது அவள். ரயில் நிலையத்தில் தன் காதலைத் தானே வாய்விட்டுச் சொல்கிறாள். 1986இல் இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் அந்த ரயில் எங்கே போகிறது? அப்பா வீட்டுக்கு. விவாகரத்து வாங்கினாலும் போகுமிடம் அதுதான். அவள் ஏறுவதா இறங்குவதா என்று படம் நம்மைப் பதற வைக்கிறது. இரண்டு பக்கமும் இருப்பது ஆண்களின் வீடுதான் என்பதை அந்தப் பதற்றத்தில் நாம் கவனிப்பதில்லை. இளையராஜாவின் இசை வேறு! நானும் ஒவ்வொரு தடவையும் ரயில் நிற்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

இனி என் கதை. 1996இல் எம்.ஏ. இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்லவராகத்தான் தெரிந்தார். எனக்குக் கல்யாணம் வேண்டாமென்றிருந்தது. ஏன் என்றார் அப்பா. வேண்டாம் என்றேன். அதான் ஏன் என்றார். மூன்று நாள் இதே பேச்சு. அத்தை வரவழைக்கப்பட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு, “யாரையாச்சும் மனசுல வச்சிருக்கியா? எங்கிட்டச் சொல்லு” என்றாள். இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. பின்னே எதற்காக வேண்டாமென்கிறாய் என்றாள். நான்காம் நாள் அலுத்துப்போய், ஆமாம் என்றேன். பெயர் என்ன? ரவி. எங்கள் தெருமுனை மளிகைக் கடையின் பெயர்ப்பலகையில் இருந்த பெயர் அது.

வீடு உடனே அமைதியானது. அப்பா என்ன ஆளுங்க என்று மட்டும் விசாரித்தார். அம்மா இரண்டு நாள் அழுதாள். ஆனால் யாரும் அதன்பிறகு ஏன் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் உண்மையைச் சொன்னபோது கிடைக்காத மரியாதை, இல்லாத ஒருவனுக்குக் கிடைத்தது. திவ்யாவுக்குத் திரைக்கதையில் சேர்த்ததை எனக்கு நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. மணிரத்னம் மனோகரைச் சாகடித்தார். எனக்கு அவ்வளவு துணிவில்லை, ஆறு மாதம் கழித்து ரவியைத் துபாய்க்கு அனுப்பிவைத்தேன். கல்யாணப் பேச்சு திரும்ப வந்தபோது, அவனை மறக்க எனக்கு இன்னும் நாளாகும் என்று அம்மாவே அப்பாவிடம் பரிந்து பேசினாள். அந்த இடைவெளியில்தான் படிப்பை முடித்து வேலைக்குப் போனேன்.

போன பொங்கலுக்கு டிவியில் ‘மௌன ராகம்’ போட்டார்கள். அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. மனோகர் சுடப்பட்டு விழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“அந்த ரவி துபாய்லருந்து வந்துட்டானாடி?”

இன்னும் வரவில்லை என்றேன்.