பிளாஸ்மாவின் பெருமையும் ஆவியின் பங்கும்

புல்லரீன் பிளாஸ்மாவைக் கொண்டு கார்பன் நானோக் குழாய்களின் இயல்பை மாற்றும் முறைக்காகப் பரிந்து பேசுவோர் ஒரே வாதத்தைத் திரும்பத் திரும்ப முன்வைத்து வருகின்றனர். கரைப்பான் வேண்டாம், ரசாயனக் கழிவு மிஞ்சாது, மின்னழுத்தத்தை வேண்டிய அளவில் நிறுத்திவிட்டால் வேண்டிய அயனி வேண்டிய வேகத்தோடு குழாய்க்குள் சென்று அமரும் என்பது அவ்வாதம். அதன் முற்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். பிற்பகுதியைப் பல்லாண்டுகளாக மறுத்து வருகிறேன். மறுப்புக்குரிய காரணம் வலுத்திருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். ஜப்பானின் செண்டாய் நகரத்துத் தொஹோகு பல்கலைக்கழகத்தில் 1990-களில் நடந்த பரிசோதனைகள் அழகும் நுட்பமும் வாய்ந்தவை. வெண்சூடேறிய டங்ஸ்டன் தகட்டின்மேல் பாயும் பொட்டாசிய ஆவி அதனிடம் எலெக்ட்ரானை இழந்து அயனியாகிறது; தகடும் தன் பங்குக்கு எலெக்ட்ரான்களை உமிழ்கிறது; காந்தப் புலத்தில் கட்டுண்டு நகரும் அந்த அமைதியான பிளாஸ்மாவில் சிற்றடுப்பு ஒன்றிலிருந்து சி-60 எனப்படும், அறுபது கார்பன் அணுக்களாலான புல்லரீன் கோளங்களின் ஆவியைக் கலந்தால், எலெக்ட்ரானைச் சுமார் 2.7 எலெக்ட்ரான் வோல்ட் வலிமையோடு பற்றிக்கொள்ளும் அம்மூலக்கூறுகள் எதிர் அயனிகளாகிவிடுகின்றன. 2003-இல் அதே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஓஹாராவும் ஹதகேயாமாவும் நேர் அயனியும் எதிர் அயனியும் சி-60 ஆகவே அமைந்த பிளாஸ்மாவை உண்டாக்கி, சம எடையுள்ள இரு மின்னினங்களுக்கிடையே அலைகள் பரவும் விதத்தை ஆராய வழிவகுத்தனர். பௌதிகம் என்ற அளவில் இச்சாதனைக்குத் தலைவணங்குகிறேன்.

ஆனால் பிளாஸ்மாவை உண்டாக்குவது வேறு, அதனால்தான் ஒரு பதார்த்தம் மாறியது என்று நிரூபிப்பது வேறு. சிற்றடுப்பிலிருந்து கிளம்பும் சி-60 மூலக்கூறுகள் அனைத்தும் அயனியாவதில்லை. மின்னூட்டமற்றவையும் அதே வழியே வந்து, மின்னழுத்தம் எந்தத் திசையில் இருந்தாலும் அதனைச் சட்டை செய்யாமல், நானோக் குழாய்கள் பரப்பிய தகட்டின்மீது படிகின்றன. இந்த நடுநிலை ஆவி என்ன செய்யும் என்பதோ நமக்கு நன்றாகவே தெரியும். குழாய்களுக்குள் சி-60 வரிசையாக அமர்ந்திருப்பதை 1998-இல் ஸ்மித், மோந்தியூ, லுஸி ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்டதன் பின்னர், வாய் திறந்த குழாய்களையும் சி-60 பொடியையும் காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் சில நூறு டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தாலே குழாய்கள் நிரம்பிவிடும் என்பது நிலைநாட்டப்பட்ட செய்தி. அதில் காந்தமும் இல்லை, மின்னழுத்தமும் இல்லை, பிளாஸ்மாவும் இல்லை. மழையில் நிற்பவன்மீது ஒருவர் குடத்து நீரையும் ஊற்றிவிட்டு, இவன் நனைந்தது என் குடத்தால்தான் என்று உரிமை கொண்டாடினால் அதனை எவ்விதம் ஏற்பது?

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் விடையும் உண்டு. மூடிய முனையுள்ள குழாய்க்குள் ஆவி தானாகப் புகாது. அயனியின் மோதலே சுவரைத் திறக்கிறது என்பர். சரி, திறக்கட்டும். சுமார் 1.4 நானோமீட்டர் அகலமுள்ள குழாயில் 0.7 நானோமீட்டர் பருமனுள்ள கோளம் புகுமளவு துளை விழுந்ததென்றால், கார்பன் வலையின் பல அணுக்கள் அங்கே பிடுங்கப்பட்டுவிட்டன என்றே பொருள். ராமன் நிறமாலையில் 1350 செ.மீ⁻¹ என்ற அலையெண்ணுக்கருகே எழும்பும் சிகரம் அக்காயத்தைக் காட்டிக்கொடுக்கும். அயனி உடைத்த அதே வழியில் ஆவி புகுந்திருக்கலாமே! அதுமட்டுமா, காயம்பட்ட சுவரே குழாயின் மின்கடத்துகையை மாற்றிவிடக் கூடியது. அந்த மாற்றத்தையும் உள்ளே அமர்ந்த மூலக்கூறின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமாகாது.

இந்நிலையில் சாட்சியமாக நம் முன் வைக்கப்படுவது பெரும்பாலும் ஓர் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம். இணையாக ஓடும் இரு கருங்கோடுகள். அவற்றிடையே ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் இடைவெளியில் வட்டங்களின் வரிசை. கண்ணைக் கவரும் படந்தான். எனினும் ஒரு தகட்டில் எண்ணற்ற குழாய்கள் இருக்க, அவற்றுள் நன்றாக நிரம்பிய ஒன்றைத் தேடிப் பிடித்துப் படமெடுப்பது எத்தனை குழாய்கள் நிரம்பின என்பதையும், எத்தனை மூலக்கூறுகள் குழாய்க் கற்றையின் வெளிப்புறத்தில் வெறுமே ஒட்டிக்கிடந்தன என்பதையும் ஒருபோதும் சொல்லாது. அளவு சொல்லாத நிரூபணத்தை நிரூபணம் என்றழைக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை.

எதிர்த்தரப்பின் மிக வலிய சான்று, ஒரே குழாயின் ஒரு பகுதியில் சீசியமும் மறு பகுதியில் சி-60-உம் புகுத்தி, மின்னோட்டத்தை ஒருதிசையில் மட்டும் எளிதாக அனுமதிக்கும் சந்தியை அமைப்பது. சீசியம் ஏறிய குழாயில் எலெக்ட்ரான்களே மின்சாரத்தைக் கடத்துகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் உலோக மின்வாய் நானோக் குழாயைத் தொடுமிடத்திலேயே மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தும் தடுப்பு உண்டாகக்கூடும் என்பதும் தெரிந்ததே. ஆகையால் நிரப்பாத வெறுங்குழாயோடு ஒப்பிட்டுக் காட்டுவது போதாது. ஒப்பீட்டுக்கு வேண்டியவை இவை: அதே அடுப்பு, அதே வெப்பம், அதே நேரம். தகட்டுக்கு முன்னே அயனிகளை மட்டும் விலக்கிவிடும் மின்புலம். ஆவி மாத்திரம் தீண்டிய அக்குழாயை அதே மின்வாய்களுக்கிடையே அளந்து பெற்ற வளைகோட்டைப் பிளாஸ்மாவில் நனைந்த குழாயின் வளைகோட்டுக்கு அருகிலேயே ஆதரவாளர்கள் அச்சிடட்டும்.