சிபில் கார்த்திகேசுவின் நூலை வகுப்பில் எப்படி வாசிப்பது?

"நான் போற்றும் வீரப் பெண்மணி" என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தால், நம்ம பேராக் மாணவர்களின் தாளில் சிபில் கார்த்திகேசுவின் பெயர் வந்துவிடும். ஜப்பானியர் பிடித்தார்கள், அடித்தார்கள், நகத்தைப் பிடுங்கினார்கள், அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, பதக்கம் கிடைத்தது. ஐந்து வரியில் கட்டுரை முடிந்துவிடும். தகவலில் பிழை இல்லை. ஆனால், அவரே தம் கதையைச் சொல்லும் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற நூலைப் படித்தவர்களுக்கு இந்த ஐந்து வரி போதாது என்று தெரியும். வதையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வதைக்குக் காரணமான வேலையை நாம் விட்டுவிடுகிறோம்.

முதலில் அடிப்படைச் செய்திகள். 1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியப் பெண் சிபில். பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை 1919இல் மணந்தார். 1926 முதல் இருவரும் ஈப்போ புருஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினார்கள். அந்தச் சாலைதான் இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. 1941 டிசம்பரில் ஈப்போவில் குண்டு விழுந்தபோது குடும்பம் பக்கத்து ஈயச் சுரங்க ஊரான பாப்பானுக்குப் போனது.

சிபில் ராணுவத் தாதி அல்லர். சீருடை அணிந்தவரும் அல்லர். ஆனால் பாப்பான் கடைவீதியில் 74ஆம் எண் வீடு, மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனையாகவே இருந்தது. நூலின் சிறந்த பகுதி இதுதான் என்பது என் கருத்து. பகலில் ஊர்க்காரர்களுக்கு மருந்து. இரவில் காட்டிலிருந்து வரும் போராளிகளுக்குச் சிகிச்சை. குண்டு பாய்ந்தவர்களுக்கு டாக்டர் கார்த்திகேசு அறுவை சிகிச்சையும் செய்தார். சிபில் கண்டோனிய மொழியைச் சரளமாகப் பேசுவார். அதனால் நோயாளிக்கும் தாதிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ரகசியம் அறிந்த காதுகளில் ஒன்று குறைந்தது என்றும் இதைப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட மருத்துவமனை எதனால் ஓடுகிறது? மருந்து, கத்தி, கட்டுத்துணி மட்டும் போதாது. அக்கம்பக்கத்தார் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க வேண்டும். கடைவீதியில் இரவில் நடமாட்டம் இருந்தால் யாருக்கும் தெரியாமலா போகும்? ஊர் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் அந்த வீடு அத்தனை காலம் தப்பியது. ஆகவே இதைத் தனி ஒருவரின் வீரக்கதையாக மட்டும் படித்தால் நூலின் பாதி கைநழுவிவிடும்.

1943இல் கெம்பெய்தாய் அவரைக் கைது செய்தது. அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள் மூன்று: எதிரிக்கு உளவு பார்த்தது, கெரில்லாக்களுக்கு மருத்துவ உதவி செய்தது, வானொலிப் பெட்டி வைத்துச் செய்தி பரப்பியது. மருந்து கட்டியதையும் உளவு பார்த்ததையும் ஆக்கிரமிப்பு அரசு ஒரே பட்டியலில் வைத்ததை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

சின்ன மகள் டோனைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி, தாயைப் பேசச் சொன்ன காட்சியை எல்லாரும் அறிவோம். "பெற்ற பிள்ளையைவிட நாடு பெரிதா?" என்று வகுப்பில் கேட்டால் விவாதம் சூடு பிடிக்கும். ஆனால் கேள்வியே சற்றுப் பிசகு. அவர் வாய் திறந்திருந்தால் செத்திருப்பது 'நாடு' என்ற சொல் அன்று. அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களும் அவரைக் காத்த பாப்பான் மக்களும்தான். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது தாதியின் கடமை. அந்தக் கடமை எந்த எல்லைவரை போகும் என்பதைத்தான் இந்தக் காட்சி கேட்கிறது.

தலைப்பையும் பாருங்கள். அது ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகச் சொற்களிலிருந்து வந்தது. 'டிராம்' என்பது மருந்து நிறுக்கும் பழைய அளவை. வாழ்நாள் முழுக்க மருந்தை அளந்து கொடுத்தவருக்கு அந்த அளவில்கூடக் கருணை கிடைக்கவில்லை. இதைவிடப் பொருத்தமான தலைப்பு அமையுமா என்பது சந்தேகம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷார் திரும்பி வருவார்கள், வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையை நூல் எங்கேயும் கேள்வி கேட்பதில்லை. தோட்டத் தமிழர்களின் துயரமும் இதன் மையத்தில் இல்லை. அதே காலத்தில்தான் ஆயிரமாயிரம் பேர் லயங்களிலிருந்து சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தப் பக்கத்தைத் தெரிந்துகொள்ள ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைக் கூடவே படிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிபிலுக்கு 1947இல் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் ஸ்காட்லாந்தில் இறந்தார். அதே ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மூவர் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அவர் காயத்துக்குக் கட்டுப்போட்ட இயக்கம், அவருக்குப் பதக்கம் தந்த அரசுக்கே எதிரி ஆகிவிட்டது. அவசரகாலத்துக்கு முன் எழுதப்பட்ட நூல் 1954இல், அதன் நடுவில் வெளிவந்தது. எழுதிய காலம் வேறு, வாசித்த காலம் வேறு என்று விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

அதே ஈப்போவில் 1927இல் பிறந்தவர் ராசம்மா பூபாலன். பதினாறு வயதில் தம் அக்காவோடு நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனார். அந்தப் படையின் தலைவி கேப்டன் லட்சுமி ஒரு டாக்டர். 1945இல் பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். சிபிலை ஜப்பானியர் பிடித்தார்கள். லட்சுமியை ஜப்பானியரின் எதிரி பிடித்தார்கள். இதில் யார் சரி, யார் தவறு என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதும் மாணவர் இரண்டு பேரையும் படிக்கவில்லை என்று பொருள். ராசம்மா பின்னாளில் ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவியாகிச் சம ஊதியத்துக்குப் போராடினார். நம் தொழிலில் உள்ளவர்கள் இதை மறக்கலாகாது.

வகுப்புக்கு மூன்று கேள்விகள்:

1. சிபிலின் மருத்துவப் பணி ஒரு படையின் மருத்துவமனையாக மாறியது எப்படி? நூலிலிருந்து சான்று தருக.

2. பாப்பான் மக்களின் மௌனம் இல்லாவிட்டால் இக்கதை எவ்வாறு மாறியிருக்கும்?

3. ஒரே ஊர், சிபிலும் ராசம்மாவும் எதிரெதிர்ப் பக்கம். இருவரையும் மதிக்க முடியுமா? காரணத்தோடு எழுதுக.

மூன்றாவது கேள்விக்கு மாணவர் தடுமாறினால் பதற வேண்டாம். நானும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தடுமாறித்தான் போகிறேன். முடிந்தால் மாணவர்களை ஒரு சனிக்கிழமை பாப்பானுக்கு அழைத்துப் போய், அந்த வீட்டின் மாடிப்படிக்கு அடியில் வானொலி ஒளித்துவைத்த குழியைக் காட்டுங்கள். அப்புறம் கட்டுரை எழுதச் சொல்லலாம்.