மூக்குச் சதை: வெட்டிய பிறகு தொடங்கும் வைத்தியம்

மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். விளம்பரப் பலகைகளும் 'சதை நீக்கம்' என்றே எழுதுகின்றன. சிக்கல் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் அந்தப் பல்லின் கதை அதோடு முடிந்தது. மூக்கின் பாலிப் அப்படி முடிவதில்லை. மூக்கையும் சைனஸ் அறைகளையும் உட்புறம் போர்த்தியிருக்கும் ஈரச்சவ்வு நாள்பட்ட அழற்சியால் வீங்கி, நீர் கோத்து, கீழே இறங்கித் தொங்குவதே பாலிப். பெரும்பாலும் இரு கண்களுக்கும் நடுவிலுள்ள எத்மாய்டு எலும்பறைகளிலிருந்து அது இறங்கும். எண்டோஸ்கோப்பில் பார்த்தால் தோலுரித்த நுங்குச் சுளை போல வெளிறி, வழவழவென்று தெரியும், தொட்டால் வலிக்காது. கண்ணில் படும் சுளையை எடுத்துவிடலாம். அதை உண்டாக்கிய அழற்சி சவ்வு முழுவதும் பரவிக் கிடக்கிறது; எந்தக் கத்திக்கும் அது சிக்காது. இந்த அறுவை சிகிச்சை நல்ல சிகிச்சை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது நோயாளிக்கு விளக்கப்படும் விதத்தில்தான் பெரிய குறை இருக்கிறது.

பண்டைய கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் மரபினர், கடற்பஞ்சில் நூல் கட்டி, நூலை மூக்கு வழியாகச் செலுத்தி வாய்வழியே இழுத்துச் சதையைப் பிய்த்தெடுத்தார்கள். பின்வந்த காலத்திலும் கம்பிக் கண்ணியால் இறுக்கி இழுப்பதே முக்கிய முறையாக இருந்தது. சிந்தனை மாறியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெசர்கிளிங்கர் எண்டோஸ்கோப்பால் சைனஸ் அறைகளை ஆராய்ந்தார். சவ்விலுள்ள நுண்மயிர்கள் சளியை எப்போதும் அறையின் இயற்கையான வாயிலை நோக்கியே தள்ளுகின்றன. வேறொரு இடத்தில் துளை போட்டுக் கொடுத்தாலும் சளி அந்தப் பழைய வாயிலையே தேடிப் போகிறது என்று கண்டார். ஆகவே புதுத் துளை போடுவதைவிட, அடைபட்ட இயற்கை வழியைத் திறப்பதே முறை என்றாயிற்று. அவருடைய மாணவர் ஹெய்ன்ஸ் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் டேவிட் கென்னடியும் இதை உலகெங்கும் பரப்பினார்கள். 1985-இல் கென்னடி வைத்த பெயரின் சுருக்கமே இன்று நோயாளிகள் வாயிலும் புழங்கும் 'ஃபெஸ்'. சதையை எடுப்பது அதில் ஒரு பாதி. மூக்குக் கழுவலும் ஸ்டீராய்டு மருந்தும் உள்ளறைகள்வரை போய்ச் சேர வழி அமைப்பது மறுபாதி. அடைத்த மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வாசலோடு நின்றுவிடுகிறது. திறந்த மூக்கில் அதே மருந்து நோய் இருக்கும் இடத்தைத் தொடுகிறது.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அறுவை செய்துகொண்டவர்களை 12 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு இந்த நோக்கில்தான் படிக்கத்தக்கது. கடைசிவரை தொடர முடிந்த 38 பேரில் ஐந்தில் நான்கு பேருக்குச் சதை திரும்ப வந்திருந்தது. ஆனால் மறுபடி அறுவை தேவைப்பட்டது சுமார் 37 சதவீதத்தினருக்கு மட்டுமே. தொல்லைகளும் அறுவைக்கு முன்பிருந்ததைவிடக் குறைவாகவே இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆயினும் சதை திரும்புவதும் துன்பம் திரும்புவதும் ஒன்றல்ல என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. எப்படியும் திரும்ப வருவதற்கு எதற்கு அறுவை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். வாயால் மூச்சுவிட்டு இரவெல்லாம் புரண்டவர் தூங்குகிறார். பலருக்கு ஆஸ்துமாவும் கட்டுக்குள் வருகிறது. முகரும் திறன் மட்டும் உறுதியில்லை. சிலருக்குத் தாளிப்பு வாசனை திரும்புகிறது, சிலருக்குக் கொஞ்ச காலம் வந்து மறைகிறது. வாசனைக்காகவே அறுவைக்குப் போகிறவரிடம் இதை முன்பே சொல்லியாக வேண்டும். ஆஸ்துமா, பாலிப், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமை ஆகிய மூன்றும் சேர்ந்தவர்களுக்குச் சதை மிக விரைவில் திரும்பும் என்பதையும் மறைக்கலாகாது.

ஆபத்து எவ்வளவு? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்த தேசியத் தணிக்கையில் பெரிய சிக்கல்கள் 0.4 சதவீதமே. ஆனால் நடக்கும் இடம் சாதாரண இடமல்ல. கண்ணையும் மூக்கையும் பிரிக்கும் எலும்புக்கு உடற்கூற்றியலில் காகிதத் தகடு என்றே பெயர். மூளையைத் தாங்கும் கூரையெலும்பு சில இடங்களில் அதைவிட மெல்லியது. அந்தக் கூரை எவ்வளவு தாழ்ந்து தொங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் சி.டி. ஸ்கேன் இல்லாமல் இந்த அறுவை கூடாது. மருத்துவர் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, கண் இங்கே, மூளை இங்கே, நாம் போகப்போகும் வழி இது என்று காட்டினால் கையெழுத்துக்கு அர்த்தம் உண்டு. இப்படிச் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவார் என்று சில மருத்துவர்கள் கருதுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் குனியும்போது தண்ணீர் போலத் தெளிவாக ஒரு மூக்கிலிருந்து சொட்டினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம் என்று அறியாதவர் அதைச் சளி என்று விட்டுவிடுவார். பார்வை மங்கினால், கண் வீங்கினால், ரத்தம் நிற்காமல் வந்தால் அந்த மணியிலேயே திரும்பி வர வேண்டும் என்பதும் அப்படித்தான். அந்த அறியாமையின் விலை பயத்தின் விலையைவிட அதிகம்.

எல்லா மூக்கடைப்பும் பாலிப் அல்ல. எல்லோர் மூக்கிலும் இயல்பாகவே இருக்கும் டர்பினேட் மடிப்பு வீங்கினாலும் 'சதை' என்றே பேச்சில் வருகிறது. அதற்கு வைத்தியம் வேறு. ஒரு பக்கம் மட்டும் சதை இருந்தால் கதையே வேறு. இளவயதினருக்குக் கன்னச் சைனஸிலிருந்து ஒற்றையாக வளரும் வகையில் அறுவைதான் முதல் வைத்தியம். பெரியவர்களிடம் ஒருபக்கச் சதை கட்டியாகவும் இருக்கலாம் என்பதால் பயாப்ஸி தவிர்க்க முடியாதது. குழந்தையின் மூக்கில் தெரிவது மூளையுறை இறங்கி வந்ததாகக்கூட இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் அதில் கை வைப்பது பேராபத்து. இருபக்கமும் வரும் வழக்கமான பாலிப்புக்கோ அறுவைக்கு முன் சில வாரங்களாவது உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் முறையாகத் தரப்பட வேண்டும். ஸ்டீராய்டு என்ற பெயருக்கே அஞ்சுவோர் உண்டு. மாத்திரையாகத் திரும்பத் திரும்ப விழுங்கினால் அந்த அச்சம் சரியானதே. மூக்கில் அடிக்கும் மருந்தில் ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். அதை அடிக்கும் முறையைத்தான் பலருக்கு யாரும் காட்டித் தருவதில்லை: தலையைச் சற்றே குனிந்து, வலக்கையால் இடமூக்கிலும் இடக்கையால் வலமூக்கிலும், நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். கழுவும் நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கூடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாக உள்ளே போக முடியும்.

2019 முதல் டுபிலுமாப் போன்ற உயிரியல் ஊசிகள் இந்த நோய்க்கு வந்துவிட்டனவே, இனிக் கத்தி எதற்கு என்று கேட்கலாம். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அறுவை செய்தும் அடங்காதவர்களுக்கும் அவை பெரிய வரம். ஆனால் வாரக்கணக்கு தவறாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சதை மீண்டும் வளரத் தொடங்குகிறது. விலையோ நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதது. எனவே பெரும்பாலோருக்கு அறுவையும் அதன்பின் மருந்தும் என்ற இணைதான் இப்போதைக்கு நடைமுறை வழி. அந்த இணையின் இரண்டாம் பாதிதான் கைவிடப்படுகிறது. அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் எண்டோஸ்கோப் வைத்துப் பொருக்குகளை எடுக்காவிட்டால், திறந்த வழி ஒட்டிக்கொண்டு மூடிவிடும். ஸ்ப்ரேயும் கழுவலும் மாதங்களல்ல, ஆண்டுகள் தொடர வேண்டியவை. மூச்சு நன்றாக வரும் நாளில் அவற்றை நிறுத்துவதும் இயல்பாக நடந்துவிடுகிறது; ஏனென்றால் 'எடுத்தாகிவிட்டது' என்றுதான் நோயாளியிடம் சொல்லியனுப்பினார்கள். மருத்துவமனை தரும் மதிப்பீட்டுத் தாளில் அறை வாடகை, மயக்க மருந்து, அறுவைக் கட்டணம் எல்லாம் வரி வரியாக இருக்கும். அறுவைக்குப் பின் சுத்தம் செய்யும் வருகைகள் அதில் அடங்குமா, எத்தனை முறை, ஓராண்டு மருந்துக்கு எவ்வளவு ஆகும், வெட்டிய சதை பயாப்ஸிக்குப் போகிறதா என்பதைத் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டு, அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.